தாளிக்காத காரம்

சுரக்குடி தெட்சிணாமூர்த்தி பணி ஓய்வு பெற்று மூன்று வருடமாகிவிட்டது. கையெழுத்துப் போடும் பழக்கம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் அவர் கையெழுத்தில்லாமல் ஒரு குண்டூசி டப்பா கூட ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனதில்லை. இப்போது வீட்டில் கோப்புகள் இல்லை. எப்போதாவது கூரியர் வந்தால் உண்டு. அதுவும் இப்போது விரலால் ஒரு கிறுக்கல், முடிந்தது. ஆகவே அவர் சமையலறைக்கு வந்தார். சமைக்க அல்ல, தாளிக்க.

மனைவி பிரதீபா குழம்பைக் கொதிக்க வைத்து, கூட்டைக் கிளறி, ரசத்தை நுரை கட்டியதும் இறக்கி வைப்பாள். எல்லாம் முடிந்த சமயத்தில், "ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே தோளில் துண்டோடு அவர் வருவார். சின்ன இரும்புக் கரண்டியில் எண்ணெய் காய வைப்பார். கடுகு வெடிக்கும். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, 'சொய்' என்று குழம்பின் தலையில் ஊற்றிவிட்டு, ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்று பார்ப்பார். குழம்பு அங்கீகரிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். சாப்பிட வந்தவர்களிடம், "இன்னிக்கு நம்ம சமையல்" என்பார்.

பிரதீபா மறுத்ததில்லை. அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினேழு வருடமாக வேதியியல் ஆய்வக உதவியாளராக இருப்பவள் அவள். குடுவையைக் கழுவி, கரைசலைக் கலந்து, எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைப்பது ஒருவர். வந்து கடைசிச் சொட்டை விடுகிறவர் இன்னொருவர். சோதனை செய்தவர் யார் என்று கேட்டால் கடைசிச் சொட்டுக்காரரின் பெயர்தான் வரும். இது அவளுக்குப் பழகிப்போன விஷயம்.

வீட்டுக்குள் வம்பு வந்தது மிளகாயால்.

போன வருடம் காணும் பொங்கலன்று, காரைக்கால் கடற்கரை மணலில் பாய் விரித்து, தன் தம்பி தியாகராசன் குடும்பத்தோடு உட்கார்ந்து சங்கரா மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தபோது பிரதீபாவின் உதடு வீங்கத் தொடங்கியது. பிறகு கண் இமை. பிறகு தொண்டைக்குள் யாரோ பஞ்சை அடைத்தது போல் ஆயிற்று. மீன் பாதியில் நின்றது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வீக்கத்தை இறக்கினார்கள். அப்புறம் மீன் சோதனை, மஞ்சள் சோதனை, எண்ணெய் சோதனை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் குற்றவாளியைப் பிடித்தார் மருத்துவர்.

"மிளகாய் எந்த ரூபத்துலயும் ஆகாதும்மா. பச்சை, வத்தல், தூள், குடமிளகாய், எதுவும். மிளகு, இஞ்சி, கடுகு, பூண்டு தாராளமா சேர்த்துக்கங்க. அதெல்லாம் பார்த்தாச்சு, ஒண்ணும் பண்ணலை."

இது வேறு யாருக்காவது வந்திருக்கலாம். தெட்சிணாமூர்த்திக்கே வந்திருக்கலாம், அவர் கொஞ்சம் காரம் கூடினாலே விக்கலெடுக்கிறவர். ஆனால் வந்தது பிரதீபாவுக்கு. ஊரெல்லாம் மோர்மிளகாயைத் தொட்டுக்கொண்டு தயிர்சாதம் தின்னும். அவள் தயிர்சாதத்தைத் தொட்டுக்கொண்டு மோர்மிளகாய் தின்பவள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் ஒதுக்கி வைத்த மிளகாயை எல்லாம் பார்வையாலேயே கணக்கெடுப்பவள்.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு சமையல். ஒன்று அவருக்கு. இன்னொன்று அவளுக்கு, நீல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் தயிர்சாதம். அவர் வத்தல் தாளிக்கும்போது அவள் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வாள். வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா எங்கே போனாலும் நீல மூடி கூடவே வந்தது. "காரம் கொறையறது உடம்புக்கு நல்லதுதாங்க" என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லோருடைய கையிலும் அப்போது கோழி வறுவல் இருந்தது.

பிரதீபாவுக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த காணும் பொங்கலுக்கு அதே மணலில், அந்த நீல மூடியைத் திறக்காமல், எல்லோரும் தொட்டுத் தின்பதைத் தானும் தொட்டு, கண்ணில் தண்ணீர் வரும்படி தின்ன வேண்டும்.

இதை அவள் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னதுதான் தவறு. தெட்சிணாமூர்த்தி அதைக் கோப்பாக எடுத்துக்கொண்டார்.

"மிளகாய் நம்ம சரக்கே கெடையாது, பிரதீபா. கப்பல்ல வந்தது. அதுக்கு முன்னாடி நம்மாளு காரம் திங்கலையா? அதை மீட்டெடுக்கிறோம்."

மீட்டெடுப்பதற்கான முதல் நடவடிக்கையாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். பெயர்: 'மிளகாய்க்கு முந்தைய தமிழர்'. நாற்பத்து மூன்று பேர். அதில் நாற்பது பேர் காலை வணக்கம் போடுகிறவர்கள். இரண்டாவது நடவடிக்கையாகச் சாஸுக்குப் பெயர் வைத்தார்: 'ஆதிக்காரம்'. மூன்றாவதாக லேபிள். அதில் பொன்னாடையோடு அவர் படம். சாஸ் மட்டும்தான் பாக்கி.

அதைப் பிரதீபா செய்தாள். மிளகு, சுக்கு, திப்பிலி எல்லாம் வறுத்து அரைத்து, புளி விட்டு, கொதிக்க வைத்தாள். அவர் தாளித்தார். பள்ளிக்கு எடுத்துப் போய் அலுவலக எழுத்தர் நசீமிடம் கொடுத்தாள். பத்து வருடமாக மதியச் சோற்றைப் பகிர்ந்துகொள்ளும் சிநேகிதி அவள். நசீம் ஒரு விரல் நக்கிவிட்டு, மரியாதையாகக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அக்கா, சளிக்கு நல்லாருக்கும்."

அவ்வளவுதான். அது கஷாயம். மார்பை இதமாக்கியது, தொண்டையைச் சுத்தம் செய்தது, யாரையும் எரிக்கவில்லை.

கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு மதியம், நசீம் கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து பிரதீபாவின் முன்னால் வைத்தாள். உள்ளே கால்வாசிக்குப் பழுப்பு மஞ்சளாக ஏதோ களிம்பு.

"என்னடி இது, மூட்டுவலிக்குத் தேய்க்கிறதா?"

"எங்க காக்கா பிரான்சுலேர்ந்து வந்தப்ப கொண்டாந்தது" என்றாள் நசீம். அவள் காக்கா என்றது அண்ணனை. "எங்க வீட்டுல யாரும் சீண்டலை. உம்மா மூடியைத் தொறந்தாலே மூக்கைப் பொத்திக்கிறாங்க. ஒரு துளி நாக்குல வெச்சுப் பாருங்க. பயப்படாதீங்க, மிளகாய் இல்லை. கடுகு, தண்ணி, வினிகர், உப்பு. அம்புட்டுத்தான்."

"பிரெஞ்சுல எழுதியிருக்கு. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பி, காக்காவுக்குப் போன் போட்டுப் படிச்சுக் காட்டச் சொன்னேன். இல்லாம ஒங்களுக்குத் தருவேனா?"

பிரதீபா சுண்டுவிரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். முதலில் புளிப்பு. அப்புறம் ஒன்றுமில்லை. 'இதுவும் கஷாயம்தான்' என்று அவள் நினைத்து முடிப்பதற்குள், அது நாக்கை விட்டுக் கிளம்பி மூக்கு வழியாக ஏறி உச்சந்தலையில் போய் முட்டியது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"யா அல்லா! அக்கா, ஆஸ்பத்திரி போவமா? ஆட்டோ கூப்பிடவா?"

"சும்மா இருடி" என்றாள் பிரதீபா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "இன்னொரு பொட்டு எடுத்துக்கறேன்."

மூன்று நாளில் புட்டி வழிக்கப்பட்டது. நான்காம் நாள் கடைகளில் தேடினாள். கிடைத்த கடுகு சாஸ் ஒன்று மஞ்சளாக, ஜாம் போல இனித்தது. இன்னொன்றில் சேர்மானப் பட்டியலின் ஐந்தாவது இடத்தில் மிளகாய் உட்கார்ந்திருந்தது. புட்டியைத் திரும்ப வைத்துவிட்டு யோசித்தாள். கடுகுதானே? தன் வீட்டில் இல்லாத கடுகா?

அஞ்சறைப் பெட்டியில் இருந்த அந்தக் கறுப்புச் சின்னக் கடுகை ஊற வைத்தாள். இஞ்சி, பூண்டு, மிளகு சேர்த்து மிக்ஸியில் மைய அரைத்தாள். அரைத்து முடிக்கவும், "ஆச்சா?" என்ற குரல் வரவும் சரியாக இருந்தது.

"பச்சை வாசனை போகணும்மா" என்றார் தெட்சிணாமூர்த்தி.

அதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை. அரைத்த மசாலா எதுவானாலும் பச்சை வாசனை போக வதக்க வேண்டும், கொதிக்க வேண்டும். இது சட்டப் புத்தகத்தில் இல்லை என்பதால் யாரும் திருத்த முடியாத சட்டம். வாணலியில் கால் மணி நேரம் கொதித்தது. அவர் கரண்டியைக் காய வைத்துத் தாளித்து ஊற்றி, ஓர் அடி பின்னால் நகர்ந்தார். பிரதீபா ஆசையோடு ஒரு கரண்டி வழித்து வாயில் வைத்தாள்.

கசப்பு. பிறகு, ஒன்றுமே இல்லை.

"கடுகு பழசு" என்று தீர்ப்புச் சொன்னார்.

புதுக் கடுகு வாங்கினார்கள். கொதிக்க வைத்தார்கள், தாளித்தார்கள். ஒன்றுமில்லை. "நம்ம ஊரு போர் தண்ணி உப்பு. அதான்" என்றார். கேன் தண்ணீர் வாங்கினார்கள். அதுவும் போயிற்று. "திருநள்ளாறு பக்கத்துல இருக்கோம். இங்க எல்லாம் மெதுவாத்தான் நடக்கும்" என்று சனீஸ்வரனையும் விசாரணைக்குள் இழுத்தார். நடுவில், "காரம்னா செவப்பா இருக்கணும்மா. பழுப்பா இருந்தா எவன் பயப்படுவான்?" என்று அரை பீட்ரூட்டை வேக வைத்து அதில் போடச் சொன்னார். இப்போது அது பார்வைக்கு நெருப்பாகவும் வாய்க்குக் கூழாகவும் இருந்தது.

இதற்கிடையில் குழுவில் அறிவிப்பு வெளியாகிவிட்டது: 'காணும் பொங்கல் அன்று நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கடற்கரையில் ஆதிக்காரம் வெளியீடு. அனைவரும் வருக. தலைமை: தெட்சிணாமூர்த்தி. சிறப்புரை: தெட்சிணாமூர்த்தி.'

பிரதீபா தம்பி மனைவி வெண்மதிக்குப் போன் செய்தாள்.

"மீனுக்கு மிளகாத்தூள் இல்லாமலா? எப்படி அண்ணி?" என்றாள் வெண்மதி. "சரி, ஒங்களுக்காக உப்பு, மஞ்சள், எலுமிச்சம்பழம் மட்டும் போட்டு வறுக்குறேன். ஒங்க சாஸைத் தொட்டுக்கலாம். ஆனா எதுக்கும் ஒரு சின்ன டப்பாவுல மிளகாத்தூள் எடுத்துட்டு வந்துடுவேன் அண்ணி, கோச்சுக்காதீங்க. சரியா வரலேன்னா தூவிக்கலாம். வருஷத்துக்கு ஒரு நாளு, சப்புனு தின்னுட்டு வர முடியுமா?"

நியாயமான பேச்சு. அந்தச் சின்ன டப்பா திறந்தால் பிரதீபா பாயின் மறுகோடிக்குப் போய், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்து, நீல மூடியைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

போகிக்கு ஐந்து நாள் முன்பு நான்காவது முறை அரைத்தாள். விழுது வாணலிக்குப் போனது. மிக்ஸி ஜாரில் ஒட்டியது காய்ந்துவிடுமே என்று கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தொட்டியில் வைத்தாள். அடுப்படியில் தெட்சிணாமூர்த்தி பச்சை வாசனையை விரட்டிக்கொண்டிருந்தார். கால் மணி கழித்து ஜாரைக் கழுவக் குனிந்தவள், யாரோ நெற்றிப் பொட்டில் அறைந்தது போல நிமிர்ந்தாள்.

மூக்கு திறந்துகொண்டது. கண் கலங்கியது. பிரான்சுப் புட்டியேதான்.

ஜாரின் ஓரத்தில் விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். ஏறியது. வாணலியில் இருந்ததை வழித்து வைத்தாள். கூழ். அதே கடுகு, அதே இஞ்சி, அதே தண்ணீர். ஒன்றில் காரம் இருக்கிறது. மற்றதில் இருந்த இடம் தெரியவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் வாணலியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், கடைசியாகக் கரண்டியோடு நின்ற கணவரைப் பார்த்தாள்.

பதினேழு வருடம் ஆய்வகத்தில் இருந்தவள் ஒரே தடவை பார்த்ததை நம்ப மாட்டாள். மறுநாள் மதியம், நசீமின் சோற்று மேசையில் நான்கு சின்னக் கிண்ணங்கள் வந்தன. நான்கிலும் இடித்த கடுகு. ஒன்றில் வெந்நீர். ஒன்றில் பச்சைத் தண்ணீர். ஒன்றில் எடுத்ததும் எலுமிச்சைச் சாறு. நான்காவதில் பச்சைத் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் கழித்து எலுமிச்சைச் சாறு.

"என்னைய எலி மாதிரி ஆக்கிட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே நசீம் ஒவ்வொன்றாக நக்கினாள். "இது செத்துப்போச்சு. இது... அம்மாடி! இது லேசா இருக்கு, அரைகுறையா. இது, அல்லாவே, தண்ணி எடுங்க, தண்ணி எடுங்க!"

சாயங்காலம் மணி அடிக்கும்போது மறுபடி பார்த்தார்கள். வெறும் பச்சைத் தண்ணீர்க் கிண்ணம் களைத்துப்போயிருந்தது. பின்னால் எலுமிச்சை விட்டது மட்டும் மதியம் இருந்த மாதிரியே விறைப்பாக நின்றது. அமிலத்தில் தண்ணீரா, தண்ணீரில் அமிலமா என்று பிள்ளைகளைத் தினமும் அதட்டுகிறவளுக்கு, எது முன்னால் எது பின்னால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சொல்ல வேண்டியது வீட்டில்தான்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?"

"சொல்லு" என்றார் தெட்சிணாமூர்த்தி, ஏற்கெனவே பாதி கோபித்துக்கொண்டு.

"கடுகும் பழசில்ல, தண்ணியும் உப்பில்ல. காரத்தைக் கொல்றது ஒங்க தாளிப்புங்க."

"என்னது?"

"பச்சை வாசனை, பச்சை வாசனைன்னு நாம எதை வெரட்டுறோமோ, அதுதான் காரம். பச்சைத் தண்ணியில அரைச்சுப் பத்து நிமிஷம் சும்மா வெச்சா அது தானா வருது. சூடு பட்டா போயிடுது."

"அப்ப தாளிக்காம திங்கணும்கறே. கொதிக்கவும் கூடாது. மாட்டுக்குப் புண்ணாக்கு கரைச்சு வெக்கிற மாதிரி."

"ருசி பாருங்க. இங்க வெச்சிருக்கேன்."

"தாளிக்காததை நான் வாயில வெக்கிறதில்ல. அது ஒரு கொள்கை." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாப்பத்திமூணு பேரு இருக்காங்க குரூப்புல. எங்க வீட்டுல கேஸ் தீந்துபோச்சு, அதனால பச்சையா கொண்டாந்திருக்கோம்னா சொல்லச் சொல்றே?"

பிரதீபா கிண்ணத்தை மூடினாள்.

"ஒரு வருஷமா அந்த நீல டப்பாவைத் தூக்கிக்கிட்டு அலையறேங்க. ஒங்களுக்கு இது கொள்கை. எனக்கு ஒரு வாய் சோறு."

தெட்சிணாமூர்த்தியிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும். பதில் இல்லாவிட்டால் ஒரு சுற்றறிக்கையாவது இருக்கும். அன்று அவர் வாசலுக்குப் போய், ஏற்கெனவே நேராக நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை இன்னொரு தடவை நேராக நிறுத்தினார். குழுவில் அன்று ஒரு பதிவும் இல்லை. நாற்பது காலை வணக்கங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன.

பொங்கல் வந்தது. பானையின் கழுத்தில் கட்டிய இஞ்சிக் கொத்தையும் மஞ்சள் கொத்தையும் மாட்டுப் பொங்கலன்று அவிழ்த்தாள். மண் வாசனை போகாத இளம் இஞ்சி. கிழங்கை ஒடித்தபோதே சுருக்கென்றது. காணும் பொங்கல் காலையில் கடுகைக் குளிர்பெட்டித் தண்ணீரில் விட்டு விட்டு அரைத்தாள். மிக்ஸி சூடேறினால் காரம் போய்விடும் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஜாரைத் தொட்டுப் பார்த்தாள். மூக்குக்குக் கடுகு. தொண்டைக்கு மிளகு. நாக்குக்கு இந்த இஞ்சி. கூடவே நாலு பல் பூண்டு, கொஞ்சம் வெல்லம், உப்பு. முந்தின நாளே வேக வைத்து ஆற விட்ட பீட்ரூட்டையும் போட்டாள். நிறத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்கே தோன்றியிருந்தது. கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். பிறகு எலுமிச்சை. சம்படத்தில் வழித்து, மூடி, குளிக்கப் போனாள்.

தலையில் இரண்டாவது சொம்பு ஊற்றும்போது அந்தச் சத்தம் கேட்டது. படபடவென்று கடுகு வெடிக்கும் சத்தம். கறிவேப்பிலை வாசனை. பிறகு, 'சொய்'.

சொம்பு கையிலேயே நின்றது.

ஈரத் தலையோடு அவள் வெளியே வந்தபோது தெட்சிணாமூர்த்தி கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். முப்பது வருட இல்லறத்தில் அவர் கரண்டி கழுவி அவள் பார்த்ததில்லை.

"ஆச்சு. கெளம்பலாமா?" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சம்படத்தைத் துணியில் இறுக்கக் கட்டிப் பையில் வைத்திருந்தார். பக்கத்தில் நீல மூடி டப்பா. "எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன்."

எதுக்கும் இருக்கட்டும். துணியை அவிழ்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் காணும் பொங்கல் இந்தச் சமையலறையிலேயே முடிந்துவிடும். அவிழ்க்கவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, சுரக்குடியிலிருந்து கடற்கரை வரைக்கும் துணி முடிச்சைப் பிடித்தபடியே வந்தாள். அவர் பேசாமல் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டியது இதுவே முதல் முறை.

கடற்கரையில் ஊரே இருந்தது. பலூன், பஞ்சுமிட்டாய், காணாமல் போன பிள்ளைகளைப் பற்றிய ஒலிபெருக்கி அறிவிப்பு, நனைந்த பாவாடைகள். தியாகராசன் பாயை விரித்துக் காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் செருப்பை வைத்திருந்தான். காரைக்கால்மேட்டில் வாங்கி வறுத்த சங்கரா மீன் பொன்னிறமாக ஒரு பெரிய தூக்கில் இருந்தது. அதன் அருகில், மூடியோடு, அந்தச் சின்ன டப்பா. வெண்மதி அதைத் தன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

'மிளகாய்க்கு முந்தைய தமிழர்' நாற்பத்து மூன்று பேரில் மூன்று பேர் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் எப்படியும் கடற்கரைக்கு வர இருந்தவர்கள். தெட்சிணாமூர்த்தி அவர்களை ஒரு மாநாடாகப் பாவித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார்.

"மிளகாய் என்பது என்ன? அன்பர்களே, யோசித்துப் பாருங்கள்..."

மாநாடு தூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிரதீபா துணி முடிச்சை அவிழ்த்தாள். மூடியில் கை வைத்தவள் ஒரு கணம் அப்படியே இருந்தாள். பிறகு திறந்தாள்.

உள்ளே பீட்ரூட் சிவப்பில் விழுது. மேலே ஒரு கறிவேப்பிலை இல்லை. ஒரு கடுகு மிதக்கவில்லை. ஒரு துளி எண்ணெய்ப் படலம் இல்லை. அவள் வழித்து வைத்தபோது கரண்டி விட்ட கோடுகூட அழியாமல் இருந்தது.

நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் சட்டென்று கடலைப் பார்த்துக்கொண்டு குரலை இன்னும் உயர்த்தினார். "கப்பல்! கப்பலில் வந்தது அன்பர்களே!"

பிரதீபா ஒரு துண்டு மீனைப் பிட்டு, விழுதில் அழுத்தித் தோய்த்து, வாயில் போட்டாள்.

முதலில் இஞ்சி. அப்புறம் மிளகு தொண்டையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றியது. பிறகு கடுகு கிளம்பியது. மூக்கு, புருவம், உச்சி என்று படியேறிப் போய், அங்கே நின்று ஒரு குதி குதித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கு ஒழுகியது. உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். வீங்கவில்லை. சிரிப்பு வந்தது.

"அண்ணி, என்னாச்சு அண்ணி?" வெண்மதி பதறினாள்.

"ஒண்ணுமில்லடி. எரியுது" என்றாள் பிரதீபா. "நல்லா எரியுது."

தியாகராசன் ஒரு துண்டைத் தோய்த்துத் தின்றான். தலையைப் பிடித்துக்கொண்டான். "அடங்... அக்கா! மண்டைக்குள்ள ஜன்னலைத் தொறந்து விட்ட மாதிரி இருக்கு" என்றவன் அடுத்த துண்டைத் தோய்த்தான். வெண்மதி தின்றாள், இருமினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தின்றாள். மாநாட்டின் மூன்று உறுப்பினர்களும் சம்படத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

அதில் ஒருவர் மட்டும் தலைவரை மறக்கவில்லை. "நீங்க மொதல்ல சாப்பிட்டுக் காட்டணும் சார். நீங்கதான தலைமை."

தெட்சிணாமூர்த்தி நிறுத்தினார். தாளிக்காததை வாயில் வைக்காத கொள்கை ஒரு பக்கம். மனைவி நீட்டிய மீன் துண்டு ஒரு பக்கம். அவளுடைய மூக்கு சிவந்து, கண் கலங்கி, முகம் போன வருடத்துக்கு முந்தின வருடம் போல இருந்தது. வாங்கினார். தலைமைக்குரிய அளவில், தாராளமாகத் தோய்த்தார். வாயில் போட்டுக்கொண்டே தொடர்ந்தார்.

"ஆகவே நம் முன்னோர்..."

முன்னோர் அங்கேயே நின்றுவிட்டார்கள். அவர் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் இரண்டும் பிதுங்கின. ஒரு விக்கல். இன்னொரு விக்கல். பாயில் தொப்பென்று உட்கார்ந்து, கையால் தடவித் தடவி எதையோ தேடினார். கிடைத்தது நீல மூடி. பிடுங்கித் திறந்தார்.

டப்பாவில் தயிர்சாதம். அதன் தலையில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, பெருங்காயம், இஞ்சித் துணுக்கு என்று ஒரு மிளகாய் மட்டும் இல்லாத முழுத் தாளிப்பு, எண்ணெய் மினுமினுக்க.

பிரதீபா அதையே பார்த்தாள். காலையில் கேட்ட 'சொய்' இதற்கு.

அள்ளி அள்ளி நாலு வாய் தின்ற பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. அதுவும் அவளுக்கு மட்டும் கேட்கிற அளவில்.

"காலையில சம்படத்து மூடியைத் தொறந்துட்டேன் பிரதீபா. எண்ணெயும் காஞ்சிருச்சு. அப்பறம் நீ அன்னிக்குச் சொன்னது ஞாபகம் வந்துச்சு. காஞ்ச எண்ணெயை என்ன பண்றது? எதுலயாவது ஊத்தணும்ல."

"தாளிப்பு நல்லாருக்கா?"

"நல்லாருக்கு" என்றார், மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டு. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

வெண்மதி அந்தச் சின்ன டப்பாவை எடுத்து, திறக்காமலே கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அண்ணி, எனக்கும் சொல்லிக் குடுங்க. என்னென்ன போட்டீங்க?"

"கடுகு, இஞ்சி, மிளகு, பூண்டு. பச்சைத் தண்ணியில அரைச்சுப் பத்து நிமிஷம் வெச்சிரு. கடைசியா எலுமிச்சம்பழம்."

"அப்பறம் தாளிக்கிறது?"

பிரதீபா வாயில் மீன் இருந்ததால் பதில் சொல்லத் தாமதமாயிற்று. அந்த இடைவெளி தெட்சிணாமூர்த்திக்குப் போதும். தயிர்சாதத்தை விழுங்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தாளிக்கவே கூடாதும்மா! அதான் இதுல சூட்சுமம். பச்சை வாசனை போச்சுன்னா எல்லாம் போச்சு. நாலு தடவை செஞ்சு பாத்துல்ல கண்டுபிடிச்சோம். இது நம்ம தயாரிப்பு."

பிரதீபா மறுக்கவில்லை. வாய் நிறைய எரிந்துகொண்டிருந்தது. சம்படத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள்.